ஆணையர் சொல்லும் வரை

விளையாட்டுத் துறை ஆணையர் அரங்கத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டே கால். அழைப்பிதழில் பத்து என்று எழுதியது நான்தான். தாமதமாக வருகிறவர்தான் பெரிய மனிதர் என்று எங்கள் ஊரில் ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் அவர் யானை. மூன்று ஆள் துணியில் தைத்த வெள்ளை அக்பாடா அங்கியைத் தோளில் அள்ளி அள்ளிப் போட்டபடி, வரிசையில் நின்ற பெண்பிள்ளைகளைப் பார்க்காமலே நடந்தார்.

பாராட்டு விழா மொரென்கேஜி அக்காவுக்கு. பாராலிம்பிக்கில் எடை தூக்கி இரண்டு பதக்கம் வாங்கியவள். ஓய்வுபெற்ற பின் நான்கு வருடமாகப் பெண்களின் விளையாட்டுக்காகச் சக்கர நாற்காலியில் அலைகிறாள். அவள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுவது என் வேலை. ஆணையருக்குப் பதினான்கு கடிதம், ஒரே கோரிக்கை: விளையாட்டு அரங்கத்தைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறீர்கள், காலை நேரத்தையாவது பெண்களுக்குக் கொடுங்கள். ஒரே ஒரு பதில் வந்தது. இரும்பு தூக்கும் பெண்ணுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிடுமாம். அதில் தேதிகூடப் போடவில்லை. பிள்ளைகள் இன்னும் வண்டிக் கொட்டகையில்தான் தூக்குகிறார்கள். மழை வந்தால் அதுவும் கிடையாது.

படம் எடுக்க வசதியாக அக்கா ஒருமுறை தூக்க வேண்டும் என்றார் ஆணையர். "தலைமை நடுவரா நானே உக்கார்றேன். வேற யாரு இருக்கா இங்க?"

நடுவர் சொல்ல வேண்டிய இரண்டு சொற்களை ஓர் அட்டையில் எழுதி, முதலில் எது, அடுத்து எது என்று எண் போட்டுக் கொடுத்திருந்தேன். அதன் முனையை மடித்து, பல்லிடுக்கில் மாட்டிய ஆட்டிறைச்சியைக் குத்தி எடுத்துவிட்டு, கீழே போட்டார்.

அக்கா பெஞ்சில் படுத்தாள். கால்களை வாரால் கட்டினோம். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். எண்பது கிலோ. முதல் சொல்லை நான் காதில் ஓத, அவர் மைக்கில் முழங்கினார்: "தொடங்கு!"

கம்பி நெஞ்சுக்கு இறங்கியது, அசையாமல் நின்றது, மேலே போனது. முழங்கை பூட்டிக்கொண்டது. கம்பியை இறக்கச் சொல்லும் இரண்டாவது சொல்லுக்கு வாயெடுத்தேன். கம்பிக்குக் கீழிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஆணையர் கேமராவுக்குச் சிரித்தார். சிரிப்பு முடிந்தும் கம்பி இறங்கவில்லை.

"ஏன் இன்னும் பிடிச்சிக்கிட்டே இருக்கா?"

"நீங்க சொல்லாம இறக்கினா தூக்கினது செல்லாதுங்கய்யா."

"நான் என்னத்தச் சொல்லணும்?"

பின்வரிசையில் ஒருத்தி கத்தினாள்: "அட்டையில இருந்துச்சே, பல்லுல தேடிப் பாருங்க!"

பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் கம்பியைப் பிடிக்கக் குனிந்தார்கள். "தொடாதீங்கடா," என்றாள் அக்கா. மூச்சை அளந்து அளந்து விட்டாள்.

"ஐயா, காலையில அரங்கம் பொண்ணுங்களுக்குன்னு சொல்லுங்க. அவசரமில்ல. உங்க வார்த்தைக்கு நாலு வருசம் காத்திருந்தவதானே நான்."

சிரிப்பு நின்றது. மைக் அவர் வாயருகே இருந்தது. அவருடைய மூச்சு ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்கக் கேட்டது. வெள்ளை அக்பாடாவின் மேல் கம்பியின் நிழல் குறுக்கே விழுந்திருந்தது. கம்பி ஆடவில்லை, ஆடியது துணிதான்.