சிவப்பு சுவிட்சும் இரண்டு கவர் லெட்டரும்

பல வருஷமாகச் செய்துவரும் வேலைக்கே புதிதாக விண்ணப்பம் போடு என்றால் என்ன அர்த்தம்? கூடவே குடும்பம் நடத்துகிறவளிடம், 'என்னை ஏன் கட்டிக்கொள்ள விரும்புகிறாய்' என்பதை எழுதித் தரச் சொல்வது போலத்தான். ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தைப் புதிதாக வாங்கிய கம்பெனி அப்படித்தான் கேட்டது. படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் பெரிய ரோலருக்கு இனி இரண்டு பேர் வேண்டாமாம், ஒருத்தர் போதுமாம். வேலை வேண்டும் என்கிறவர்கள் கவர் லெட்டர் எழுதித் தர வேண்டும். அதில் 'உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை ஒரு சம்பவத்தோடு சொல்லுங்கள்' என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

அந்த ரோலரில் நின்ற இரண்டு பேரும் சொந்தக்காரிகள். ஒருத்தி அண்ணி, இன்னொருத்தி அவளுடைய நாத்தனார். அண்ணியின் புருஷனுக்கு முதுகு போனதிலிருந்து வேலை கிடையாது. நாத்தனாரோ புருஷனை விட்டுவிட்டு வந்தவள். கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது மகளோடு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். இருப்பது ஒரு வேலை, எரிய வேண்டியது இரண்டு அடுப்பு.

அறிவிப்பைப் படித்தபோது அண்ணிக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பயம் வரவேண்டிய இடத்தில் பயமும் வரவில்லை. வீட்டுக்கு வந்தாள், பாத்திரம் கழுவினாள், புருஷன் முதுகில் மருந்து தேய்த்தாள்.

"என்ன, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிற?" என்றான் அவன்.

"சொல்ல என்ன இருக்கு?" என்றாள்.

நாத்தனாருக்குப் பேச்சு வரும், எழுத்து வராது. மறுநாள் காகிதத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணி, எனக்கும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க. நான் எழுதினா அதைப் படிச்சுட்டு, இருக்கிற ஒரு வேலையையும் வேண்டாம்னு எடுத்துருவாங்க."

போட்டிக்கு நிற்பவளுக்கே எழுதித் தருகிற கூத்து எங்காவது உண்டா? அண்ணி பேனாவை எடுத்தாள். மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

"என்ன சம்பவம் எழுத?"

"இதென்ன கேள்வி? ரோலர் விஷயம்தான்!"

சில வருஷங்களுக்கு முன், துணி மடிக்கிற பெண்ணின் ஏப்ரன் நாடா சிக்கி, ரோலர் ஆளையே உள்ளே இழுத்த அன்று நடந்தது அது. நாத்தனார் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிச் சொல்லி, அந்தக் கதை இப்போது நன்றாகவே வளர்ந்திருந்தது.

"நான் ஒரு கத்து கத்தினேன். ஓடிப் போய்த் தூண்ல இருந்த சிவப்பு சுவிட்சை ஓங்கி அடிச்சேன். ரோலர் நின்னுச்சு, பொண்ணு பொழைச்சா. நீங்க என்னடான்னா மலைச்சுப் போய் நின்னு, சூட்டுல கைய வச்சுச் சுட்டுக்கிட்டீங்க. அதையும் சேத்து எழுதிடாதீங்க, பாவம்!"

அண்ணி எழுதினாள். நாத்தனார் சொன்னதையே பூசி மெழுகாமல், படிக்கிறவர் கண்முன் நடப்பது போல எழுதினாள். அண்ணியின் இடது கையில் இரண்டு விரல்கள் அந்த விபத்து நாளிலிருந்தே மரத்தவை. ஊசி குத்தினாலும் தெரியாது. ரோலரை நிறுத்தியது அந்தக் கைதான். சூடாக ஓடிக்கொண்டிருந்த ரோலருக்கு மேலே எக்கி, அந்தப் பக்கம் இருந்த சுவிட்சை அமுக்கியவள் அண்ணிதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட.

தன் கடிதத்துக்கு உட்கார்ந்தபோது எழுத ஒன்றும் மிச்சமில்லை. அந்தச் சம்பவத்தைத் தானும் எழுதினால் நாத்தனார் பொய்க்காரி ஆகிவிடுவாள். 'இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். இனியும் செய்ய முடியும்' என்று உப்புச்சப்பில்லாமல் இரண்டு வரி எழுதி மடித்து வைத்தாள். வேலை போய்விடும் என்று தெரிந்தது. தெரிந்தும் மனசு அசையவில்லை.

நேர்காணலுக்கு முதலில் நாத்தனாரைக் கூப்பிட்டார்கள். கதவு பாதி திறந்திருந்ததால், வெளியே பெஞ்சில் இருந்த அண்ணிக்கு எல்லாம் கேட்டது. புதிதாக வந்த மேனேஜரம்மா கதையைக் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"லெட்டர் நல்லா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். தூண்ல இருக்கிற சிவப்பு சுவிட்ச், அந்த விபத்துக்கு அப்புறம்தானே வச்சாங்க? பழைய ஃபைல்ல அப்படித்தான் இருக்கு. அன்னைக்கு அந்தத் தூண்ல ஃபேன் சுவிட்ச் மட்டும்தான்."

"இல்ல மேடம், நான் அடிச்சதும் நின்னுச்சே..."

"நின்னிருக்கும். ஆனா ரோலருக்கான சுவிட்ச் அப்போ அந்தப் பக்கம் இருந்துச்சு. யாரோ மேல எக்கித்தான் அமுக்கியிருக்கணும். கை சுடாம அது முடியாது."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

வெளியே வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணியின் இடது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அந்த இரண்டு விரல்களையும் பிடித்து அழுத்தினாள்.

"சத்தியமா நான்தான்னு நினைச்சேன் அண்ணி. ஏன் சொல்லல?"

அண்ணி அந்த விரல்களைப் பார்த்தாள்.

"அப்போதான் நீ புருஷனை விட்டுட்டு வந்திருந்த. மாசக்கணக்கா வாயே திறக்கல. அன்னைக்கு வீட்டுக்கு வந்து, உங்க அண்ணன்கிட்ட கையக் கால ஆட்டி இந்தக் கதையச் சொன்ன. சொல்லிட்டுச் சிரிச்ச. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளேயிருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

"போய்ச் சொல்லுங்க அண்ணி."

"சொன்னா உன் வேலை?"

"ஃபேனை நிறுத்தினவளுக்கு அது எதுக்கு?" என்றாள் நாத்தனார். சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது.

அண்ணி உள்ளே போனாள். மேனேஜரம்மா இரண்டு வரிக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? சொல்லிக்க வேற ஒண்ணுமே இல்லையா?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். கதவிடுக்கில் நாத்தனார் ஒரு கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, இன்னொரு கையை விரித்து, 'காட்டுங்க, காட்டுங்க' என்று சைகை செய்தாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் அந்த அடுப்பு அண்ணிக்கு நினைவு வந்தது. நெஞ்சு வலித்தது. அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து இப்போதுதான் முதன்முதலாக வலித்தது.

இடது கையை எடுத்து, மேசைமேல் அந்தக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.