பின்வரிசைக் கருப்பு

...கருப்பு என்றால் கருப்பாகத்தானே இருக்க வேண்டும், அதில் என்ன நல்ல கருப்பு, கெட்ட கருப்பு என்று சன்னாசிக்கு உள்ளுக்குள் எரிந்தது. சிரம்பான் கணினிக் கடையில் முக்கால் மணி நேரமாக நிற்கிறார், நாற்காலி போட்டும் உட்காரவில்லை, கண்ட இடத்தில் காலை மடக்கி உட்காருவது தோட்டத்துக் கணக்கர், கிராணி வீட்டுப் பழக்கமில்லை, எழுபத்தாறு வயதிலும் முதுகு வளையவில்லை என்று ராசா வட்டாரத்தில் எல்லாரும் சொல்வார்கள்... மகள் ஷாமினிதான் திரைக்கு நேரே உட்கார்ந்து பென்டிரைவைச் செருகியிருந்தாள். லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறார்கள், பழைய கருப்பு வெள்ளைப் படங்களைச் சீராக்கும் வேலை இவளுக்கு, வீட்டுத் திரையில் எல்லாம் சாம்பல் பூசியதுபோல் தெரிகிறதாம், புதிது வேண்டுமாம். வாங்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் சோதித்துப் பார்க்க வேறு படமா கிடைக்கவில்லை, சாமி அறையில் மாலையோடு தொங்குகிற படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஸ்கேன் செய்து, ஊரான் கடையில் விரித்து வைக்க வேண்டுமா...

"அங்கிள், இது விஏ ஸ்கிரீன், அது ஐபிஎஸ்லா," என்றார் கடைக்காரர் ஜோனத்தன், இரண்டு திரைகளையும் மாறி மாறித் தட்டிக்கொண்டு. "விஏல கருப்பு கும்முனு இருக்கும். ஆனா நேரா உக்காந்து பாத்தா இருட்டுல உள்ளது முங்கிப் போயிடும், சைடுல நின்னாதான் தெரியும். ஐபிஎஸ்ல கருப்பு கொஞ்சம் வெளுப்பு, ஆனா எங்க நின்னு பாத்தாலும் ஒண்ணுதான்." சன்னாசி தலையசைத்தார், பாதி புரிந்தது. விஏ திரையில் படம் எழும்பி நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு, விடியற்காலைப் பெரட்டு, ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் நேரம், ஏதோ ஒரு துரை எடுத்தது. நடுவில் வெள்ளைக் கோட்டு, கையில் ஆள்பேர் பதியும் செக்ரோல் புத்தகம், நிமிர்ந்த ஆள். பின்னால் பால் வெட்டுகிறவர்களின் வரிசை, முகம் ஒன்றும் தெரியாது, ஒரே மை. வெள்ளைக் கோட்டுதான் கிராணி மாயாண்டி, சன்னாசியின் அப்பா... ஊருக்கு அப்படித்தான் தெரியும், ஷாமினிக்கும் அப்படித்தான், அவள் கல்யாணப் பத்திரிகையில் கிராணி மாயாண்டி பேத்தி என்றுதான் அச்சடித்தது.

பொய்யா அது? பொய் என்று சொல்ல அவர் என்ன கதையா கட்டினார், ஒரே ஒரு சொல், ஆமா. பத்தொன்பது வயது அப்போது. அக்கா புஷ்பவள்ளியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள், டவுன் ஆட்கள், மாப்பிள்ளையின் தாய்மாமன் படத்தருகே போய் வெள்ளைக் கோட்டின் மேல் விரலை வைத்து, "அட, அப்பா கிராணியா தம்பி? யாரும் சொல்லவே இல்லியே!" என்றார், அந்த முகத்தில் திடீரென்று வந்த மரியாதை இருக்கிறதே... அம்மா மயிலம்மாள் காப்பித் தட்டோடு கதவோரம் நின்றாள். ஆமா என்றார் சன்னாசி. அம்மா மறுக்காமல் தட்டை நீட்டினாள். பெயர் மாயாண்டிதான், ஆனால் அப்பா பால் வெட்டியவர், இவருக்கு இரண்டு வயது முடியுமுன் காய்ச்சலில் போனவர், முகம் நினைவில்லை, வேறு படமும் கிடையாது, பின்வரிசையில் எங்கேயோ நிற்கிறார் என்று அம்மா ஒருமுறை சொன்னாள், எங்கே என்று இவர் கேட்கவில்லை. கேட்டு என்ன, கருப்பில் எதைக் காட்டுவாள்? அக்கா நன்றாக வாழ்ந்தாள். அந்த ஆமா இல்லாவிட்டால் வாழ்ந்திருப்பாளா, அவள் பிள்ளைகள், இவர் பிள்ளைகள், கோயில் கமிட்டியில் இவருக்குக் கிடைத்த முதல் நாற்காலி... என்ன தப்பு?

ஷாமினி நேரே உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு மைதான் தெரிந்திருக்கும். சன்னாசி ஓரமாக நின்றிருந்தார். அவர் கண்ணுக்கு மை விலகியது, முதலில் ஒரு முழங்கால், பிறகு வாளியின் வளையம், முண்டாசு, அதற்குக் கீழே... காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் வருகிற மூக்கு, அதே தாடை.

"இதையே எடும்மா. நல்லா இருக்கு."

"என்னப்பா அவசரம்? பின்னால ஒண்ணுமே தெரியல."

"தெரிய வேண்டியது நடுவுல நிக்குதில்ல?"

"ஆமா, தாத்தா ஒருத்தர்தான் தோட்டத்தையே தூக்கி நிறுத்துனாரா? பின்னால நிக்கிறவங்களுக்கும் பேரன் பேத்தி இருக்கும்பா, மலர்ல தேடுவாங்க," என்று சிரித்துக்கொண்டே அடுத்த திரைக்கு மாற்றினாள். ஐபிஎஸ். மை கரைந்து சாம்பலானது, சாம்பலிலிருந்து ஆட்கள் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராக, எல்லாரும் ஒரே நேரத்தில் இவரைப் பார்ப்பதுபோல.

"ஐயோ, யாருப்பா இது? அப்படியே நீங்க!"

"அங்கிள், நீங்க எப்போ போய் அங்க நின்னீங்க?" என்றார் ஜோனத்தன். "பொறக்குறதுக்கு முன்னாடியே பெரட்டுக்குப் போய்ட்டீங்க போல!"

தோட்டத்தில் எல்லாம் சொந்தபந்தம், சாயல் அடிக்கும் என்று சொன்னார், சொன்னாரா, சொல்ல நினைத்தாரா... ஷாமினி சிரிக்கவில்லை. அவள் பார்வை வெள்ளைக் கோட்டுக்குப் போனது, பின்வரிசைக்கு வந்தது, அப்பாவிடம் நின்றது. கடைக்காரர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"எந்த ஸ்கிரீன் வாங்குனாலும் சரிப்பா, இந்த ஓரத்த நான் மறுபடியும் இருட்டாக்கிட முடியும். ஒரு நிமிச வேல. ஆக்கிடவா?"

ஆமா என்றால் போதும். இந்த முறையும் அதே ஒரு சொல்தான், நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது, ஆனால் கை ஏன் திரையை நோக்கிப் போகிறது, இடது கோடியிலிருந்து இரண்டாவது ஆள், முண்டாசுக்குக் கீழே நெற்றி... "அங்கிள், தொடாதீங்கலா, கறை படிஞ்சிடும்!" விரல் அந்தரத்தில் நின்றது. கறை... இந்த இடம் விரலுக்குத் தெரிந்த இடமாயிற்றே, இதே மூலை, இதே உயரம். வருஷா வருஷம் அப்பா படையலன்று அம்மா படத்துக் கண்ணாடியில் சந்தனம் வைப்பாள், இந்த மூலைக் கருப்பில்தான் வைப்பாள், சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்களே என்று இவர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கண்ணு தெரியலியாம்மா, அப்பா இங்க நிக்கிறாரு என்று வெள்ளைக் கோட்டுக்காரன் நெற்றியில் வைப்பார். கண்புரை முற்றிவிட்டது என்று இவரே கூட்டிப்போய் எடுத்துவிட்டார், எடுத்த பிறகும் அடுத்த படையலுக்கு அங்கேயேதான் வைத்தாள், கோபம்கூட வந்தது இவருக்கு, கொஞ்சம் அழுத்தியே துடைத்தார்... "அப்பா? ஆக்கிடவா, வேணாமா?" என்று ஷாமினி கேட்டுக்கொண்டிருக்கிறாள், அம்மா போகும்வரை எத்தனை வருஷம், இருபத்தேழா, இருபத்தெட்டா, ஒரு வருஷம்கூட அம்மாவின் விரல் இடம் தவறவில்லையே...