நாத்தனார் வில்லியாக மறுத்த கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கார் ஓட்டப் பழகும்போது. பயிற்சி தரும் அம்மா தன் தம்பி மனைவியைப் பற்றிச் சொன்னார். நான் எழுதுகிறவன் என்று தெரிந்தும் சொன்னார். அது அவர் தப்பு.

2

முதல் தொடக்கம்: 'மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த அன்று வானம்—'

வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை. அவளுக்குத்தான் வேலை இருந்தது, கண்ணாடிக் குடுவைத் தொழிற்சாலையில் விரிசல் பார்க்கும் வேலை. நோய் தெரிந்தால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று பயந்து, கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் தன் அக்காவிடம் உளறிவிட்டான்.

(நாத்தனாரை இங்கே வில்லியாக்கப் பார்த்தேன். இருவருக்கும் கல்யாணத்திலிருந்தே ஆகாது. எனக்கு வசதியாக இருந்தது.)

3

மறுநாள் நாத்தனார் வாசலில் ஹார்ன் அடித்தார்.

"ஏறு. உன் ஆபீசுக்குப் போறோம்."

"சொன்னா வேலைய விட்டுத் தூக்கிருவாங்க அண்ணி."

"சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டா மட்டும் மாலை போடுவாங்களா? ஏறு."

(வில்லி பேசுகிற பேச்சா இது? வில்லி என்று எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டேன்.)

4

பணியாளர் நலப் பிரிவில் நாத்தனார் வாயைத் திறந்தார். அவள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்குக் கேன்சர்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை; கணவனிடம்கூடக் கட்டி என்றுதான் சொல்லியிருந்தாள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கு குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கேம்மா. ஆபரேஷன், மருந்து எல்லாம் அதுல வரும். சிகிச்சை முடியறவரைக்கும் பாதிச் சம்பளத்தோட லீவும் உண்டு. வேலை எங்கயும் போகாது."

"யாரும் சொல்லவேயில்லையே."

"பிரீமியத்தச் சம்பளத்துல பிடிச்சிருந்தா என்ன ஏதுன்னு கேட்டிருப்பீங்க. கம்பெனியே கட்டுது. அதான் யாரும் கேக்கல."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் இரண்டையும் செய்தாள். நாத்தனார் மட்டும், "சொன்னத எழுத்துல குடுங்க சார்" என்றார்.

5

வெளியே வந்ததும் இருவரும் கட்டிப்பிடித்து—

எழுதித்தான் பார்த்தேன். அவர்கள் ஒத்துழைக்கவில்லை. நடந்தது இதுதான்:

"கார் கதவ மெதுவாச் சாத்து."

"எல்லாரும் இப்படித்தான் சாத்துவாங்க அண்ணி."

6

ஆபரேஷன் முடிந்தது. செலவைக் காப்பீடு ஏற்றது. மருந்தும் முடிந்து, போன வாரம் பரிசோதனை. நான் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்: நோய் போனதாக ஒன்று, போகாததாக ஒன்று. எது பொருந்தும் என்று நேற்று வண்டியில் கேட்டேன்.

"அவளக் கேக்காம சொல்ல மாட்டேன். அவ உடம்பு, அவ சமாச்சாரம். கிளட்ச மிதி."

மிதித்தேன்.

அவளிடமே கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இரண்டு தாள்களும் மேசையில் கிடக்கின்றன. ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தீர்கள் என்று அந்த அம்மா காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள். எனக்கு இன்னும் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தரவில்லை.