பூனைக்கு வாங்கிய மத்தி

...மத்தி என்றாலே நாற்றம் என்று நாத்தனார் மூக்கைப் பொத்த அப்படி என்ன கேவலம், அது என்ன சாக்கடையிலா நீந்துகிறது, வஞ்சிரம் நீந்துகிற அதே கடல்தானே, என்று மனதுக்குள் பொரிந்தபடி மீன்கடையில் நின்றாள் தையல்காரி, பக்கத்தில் நாத்தனார், வஞ்சிரத்தை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே, “தம்பிக்கு ரெண்டு துண்டு குடுத்தனுப்பறேன், நெஞ்சுவலி வந்த உடம்பு, கண்டதையும் ஆக்கிப் போடாதே” என்கிறாள், கண்டதையுமாம்! வாரம் இரண்டு தரம் மீன், எண்ணெய்ப் பசையுள்ள சின்ன மீனே போதும் என்று டாக்டர் சொன்னபோது இவளும் கூடத்தானே உட்கார்ந்திருந்தாள், அப்போது காது எங்கே போயிருந்தது? கொடுத்தனுப்புவாள், பிறகு என் தம்பியை நான்தான் பிழைக்க வைத்தேன் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பாள்... வேண்டவே வேண்டாம், என் புருஷனுக்கு ஆக்கிப்போட எனக்குத் தெரியும். தெரியும்தான், ஆனால் மத்தி கேட்கும்போதெல்லாம் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று ‘பூனைக்கு’ என்று மென்று விழுங்குகிறாளே, வீட்டில் பூனையும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது, அதற்குள் மீன்காரி பார்த்துவிட்டாள், “வாங்க பூனைக்கார அக்கா, வழக்கம் போலத்தானே?” என்று பலகைக்கு அடியிலிருந்த கூடைக்குள் கையை விட்டாள். “பூனையா? உங்க வீட்டுலயா?” என்று நாத்தனார் புருவத்தைத் தூக்க, அந்தப் புருவத்தைப் பார்த்ததும் இவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “பூனையும் இல்ல ஒண்ணும் இல்ல அண்ணி, எங்களுக்குத்தான், உங்க தம்பிக்குத்தான், இனிமேலும் மத்திதான் வாங்குவேன்!”

கடையே திரும்பிப் பார்த்தது, பார்க்கட்டும். ஆனால் மீன்காரி ஏன் இப்படி வாயில் கை வைக்கிறாள்? “ஐயோ அக்கா, மனுஷங்க சாப்பிடவா? பூனைக்குன்னீங்களேன்னு நேத்து மிஞ்சினதையில்ல போட்டுக் குடுத்தேன்!” நேற்று மிஞ்சியது... அந்த வாடையைப் போக்க எத்தனை எலுமிச்சை பிழிந்தாள், எவ்வளவு மிளகு அரைத்துப் பூசினாள், மத்தி என்றாலே அப்படித்தான் நாறும் என்று நினைத்தாளே, அதாவது நாத்தனார் சொன்னதையே இவளும் நம்பிக்கொண்டிருந்தாளா? சீ. வாய் திறக்க வந்த நாத்தனாரை முந்திக்கொண்டு, “செவுளைத் தூக்கிக் காட்டு” என்றாள் மீன்காரியிடம், இன்றைய மீன், செவுள் செக்கச்செவேலென்று இருந்தது, கூச்சமில்லாமல் பை நிறைய வாங்கிக்கொண்டு நடந்தாள்.

கல்லில் எண்ணெய் தொட்டும் தொடாமலும், மஞ்சளும் உப்பும் கொஞ்சம் மிளகும், அவ்வளவுதான், ஜன்னலை விரியத் திறந்துவைத்தாள், வாசம் தெருவுக்கே போகட்டும், யாருக்குப் பயம்? புருஷன் ஒரு வாய் வைத்தான், மெல்லுவதை நிறுத்தி நிமிர்ந்தான், “அக்கா அனுப்பின மீனா?” என்று கேட்டான். வந்த கோபத்தில் கரண்டியை நங்கென்று வைத்தாள். “நான் வாங்கினது. மத்தி. அதே மத்திதான்.” அவன் நடுமுள்ளை உருவிப் போட்டுவிட்டு இன்னொரு மீனை எடுத்துக்கொண்டான், ரசித்துச் சாப்பிட்டான், அப்படியென்றால்... இந்த நாக்குக்கு வித்தியாசம் தெரிந்துதான் இருந்திருக்கிறது, தெரிந்தும் அத்தனை நாளும் தட்டைக் காலியாக்கிவிட்டு ‘நல்லாருக்கு’ என்று எழுந்து போயிருக்கிறான், இவள் மனம் நோகக்கூடாது என்றா, இல்லை இதற்குமேல் நமக்கு வாய்க்காது என்று நினைத்தா... கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தவள், அவன் தட்டில் மூன்றாவது மீனைப் போட்டாள்.