மலர்க்கொடிக்கு அறுபத்தெட்டு வாட்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணிவரை எங்கள் தாமான் குடியிருப்பில் மின்சாரம் இருக்காது, டிரான்ஸ்ஃபார்மர் மாற்றப்போகிறார்கள் என்று தபால் பெட்டியில் ஒரு தாள் கிடந்தது. நாலு மணி நேரம்தானே, போர்ச்சில் நாற்காலி போட்டுக் காற்று வாங்கலாம் என்று நான் நினைத்தேன். என் மனைவி மலர்க்கொடி அதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் சொன்னபோதுகூட அவள் முகம் இவ்வளவு வெளிறியிருக்காது.

"வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குத்தாங்க கடைசி எபிசோடு."

எங்கள் ஊர் செலண்டாரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏழு வருஷமாக ஓடும் தொடர் அது. அமிர்தவல்லி என்ற பெண்ணின் கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் யாரோ மாற்றிவிட்டார்கள். மாற்றியது யார் என்பதுதான் கதை. அந்தக் குழந்தைக்கு இதற்குள் மீசை முளைத்துவிட்டது. அமிர்தவல்லிக்கு மட்டும் ஒரு நரைகூட விழவில்லை.

மாற்றியது மூத்த மருமகள் என்று முதல் வாரத்திலேயே மலர்க்கொடி சொல்லிவிட்டாள். செங்கில் இருக்கும் என் தங்கை உஷாராணி, இல்லை, டாக்டர்தான் என்றாள். அன்றிலிருந்து தினமும் தொடர் முடிந்த மறு நிமிஷம் உஷாராணி போன் செய்வாள். அண்ணியும் நாத்தனாரும் முக்கால் மணி நேரம் வாதாடுவார்கள். உயர்நீதிமன்றத்தில்கூட ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு. இங்கே கிடையாது.

"மறுநாள் திருப்பிப் போடுவானே, அப்பப் பாத்துக்கலாமே" என்றேன்.

"ஒங்க தங்கச்சி அதுவரைக்கும் சும்மா இருப்பாங்களா? எட்டு மணிக்கு போன் அடிப்பாங்க. யாருன்னு அவங்க வாயால நான் கேக்கணுமா?"

"அப்ப அவ வீட்டுக்கே போயிரலாம். செங் என்ன சிங்கப்பூரா?"

"அவங்க சோபாவுல ஒக்காந்து தோக்கச் சொல்றீங்க."

"போன்ல பாரேன்."

"போன்ல பாத்தா அழுக வராதுங்க."

விஷயம் அவ்வளவுதான். உஷாராணியின் போன் வருவதற்கு முன்னால், எங்கள் வீட்டு டிவியில், குழந்தையை மாற்றியது யார் என்று மலர்க்கொடி பார்த்தாக வேண்டும். தோற்றால் ஏழு வருஷ வாதமும் போச்சு. அதன் பிறகு இந்த வீட்டில் எனக்குச் சோறு எந்த முகத்தோடு வரும் என்பதையும் நான் யோசிக்க வேண்டியிருந்தது.

என் பெயர் தம்புசாமி. செங்கில் ஃபேன் மோட்டார் செய்யும் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். என்னை நானே என்ஜினியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. மற்றவர்கள் சொன்னால் மறுப்பதும் இல்லை. டிவி ஐம்பத்தைந்து வாட், டிகோடர் பெட்டி பதின்மூன்று, ஆக மொத்தம் அறுபத்தெட்டு வாட் என்று அன்று சாயங்காலமே காலண்டர் தாளின் பின்னால் கணக்குப் போட்டேன். சைக்கிள் மிதிக்கும் ஒரு மனிதன் அந்த அளவு கரண்டு கொடுப்பான். நான் மிதித்தால் ஜாசின் மாவட்டம் முழுவதற்கும் கொடுத்து, மிச்சத்தை மலாக்கா டவுனுக்கு அனுப்பலாம். எதற்கு வீண் பெருமை என்று அறுபத்தெட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த லோரோங் சந்தில் பிச்சைமுத்து இருக்கிறார். லோரி ஓட்டி ஓய்ந்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர். அவருடைய கொட்டகையில் இல்லாத சாமான் உலகத்தில் இன்னும் செய்யப்படவில்லை. அங்கிருந்து, பிள்ளைகள் ஓட்டும் மின்சார ஸ்கூட்டர் ஒன்றின் மோட்டார், ஒரு கஞ்சில் காரின் செத்துக்கொண்டிருந்த பேட்டரி, பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் ஓர் இன்வெர்ட்டர் பெட்டி ஆகியவற்றைப் பொறுக்கி வந்தோம். என் சைக்கிளின் பின்சக்கரத்தை டயரைக் கழற்றித் தரையைத் தொடாமல் ஒரு சட்டத்தில் ஏற்றினேன். சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் ஒரு பெல்ட். மிதித்தால் சக்கரம் சுற்றும், சக்கரம் மோட்டாரைச் சுற்றும், சுற்றுகிற மோட்டார் கரண்டைக் கொடுக்கும். சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்கு நாலு நாள், பதினேழு காயம்.

"தம்புண்ணே, நல்ல பேட்டரி ஒன்னு வச்சா மிதிக்கவே வேணாமே. நாலு மணி நேரம் தாராளமா ஓடும்" என்றார் பிச்சைமுத்து.

"அது பேட்டரி வாங்குறது. நான் செய்யறது ஜெனரேட்டர்."

"எதுல பாத்தாலும் டிவி ஒன்னுதானே லா."

விஞ்ஞானம் வளர்வதை இப்படிப்பட்டவர்கள்தான் எக்காலத்திலும் தடுத்துவந்திருக்கிறார்கள்.

புதன்கிழமை முதல் ஓட்டம். பத்து நிமிஷம் மிதித்துவிட்டு இறங்கினேன். இறங்கிய பிறகும் சக்கரம் சுற்றியது. மிதிகட்டை அசையவில்லை, சக்கரம் மட்டும் ஜம்மென்று சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது, நிற்கவே இல்லை. யாரும் மிதிக்காமல் தானே ஓடும் இயந்திரத்தை மனித இனம் எத்தனையோ நூற்றாண்டாகத் தேடிக்கொண்டிருக்க, அது எங்கள் வீட்டு போர்ச்சில் என் கையால் பிறந்துவிட்டதென்று எனக்கு உடம்பு புல்லரித்தது. குளித்து, விபூதி பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பிச்சைமுத்துவை அழைத்துவந்தேன்.

அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"டையோடு போடலையா அண்ணே? பேட்டரி கரண்டு திரும்பிப் போயி மோட்டார சுத்துது. இப்ப பேட்டரி காலி."

அவர் சொல்லி முடிப்பதற்கும் சக்கரம் நிற்பதற்கும் சரியாக இருந்தது. கரண்டைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கும் அந்த டையோடு என் சட்டைப் பையிலேயேதான் இருந்தது. துவைக்கப் போட்ட சட்டையில். அதை எடுத்து உலர்த்திப் பற்றவைத்தோம். வெள்ளைச் சட்டையை மலர்க்கொடி பார்த்தாள். கழற்றச் சொல்லி வாங்கி, பையைத் தடவிப் பார்த்துவிட்டு அதையும் துவைக்கப் போட்டாள்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ஒரு மணி நேரத் தொடர். பேட்டரி மிதிக்காமல் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. என் முட்டியோ எட்டு நிமிஷத்துக்கு மேல் தாங்காது. அதற்கு வழி கண்டுபிடித்தவள் மலர்க்கொடிதான். வியாழக்கிழமை பாசாரில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள்: எங்கள் வீட்டில் கடைசி எபிசோடு பார்க்கலாம், வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு புருஷனைக் கொண்டுவர வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குச் சொன்னபடியே கரண்டு போனது. ஆறே முக்காலுக்குள் பதினோரு பெண்கள் ஹாலில் உட்கார்ந்துவிட்டார்கள். பத்துப் புருஷன்மார்கள் போர்ச்சில் வரிசையாக நின்றார்கள். கருப்பாயிக்கா மட்டும் தனியாக வந்திருந்தார். எழுபத்தொரு வயது, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் காலமெல்லாம் சைக்கிளில் போய்வந்தவர்.

"எனக்குத்தான் அந்த மனுசன் இல்லையே. நானே மிதிக்கிறேன், என்ன இப்ப?"

ஏழு மணிக்குப் பிச்சைமுத்து ஏறி மிதித்தார். ஹாலில் டிவி எரிந்து, தொடரின் பாட்டு ஒலித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஐந்து நிமிஷம். கரண்டைக் காட்டும் மீட்டரைப் பார்த்து "வேகமா, வேகமா" என்று சொல்வது என் வேலை. கருப்பாயிக்காவின் முறை வந்தபோது கைலியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். மீட்டர் முள் துள்ளியது. டிவியில் அமிர்தவல்லியின் நிறமே கூடிவிட்டது என்று உள்ளேயிருந்து சொன்னார்கள். நிறுத்தச் சொல்லி நாங்கள்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

போர்ச்சில் இருந்தவர்களுக்கு டிவி தெரியாது, சத்தம்தான் கேட்கும். மிதித்து முடித்தவர்கள் அங்கங்கே தரையில் மல்லாந்து கிடந்தபடி, "யாருன்னு சொல்லிட்டானா?" என்று ஜன்னலைக் கேட்டார்கள். ஏழு வருஷமாக அந்தத் தொடரைத் திட்டியவர்கள்தான் அத்தனை பேரும்.

இத்தனை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் நல்ல மனசு காரியத்தைக் கெடுத்தது. தாமானே இருட்டிக் கிடக்க, பக்கத்து வீட்டில் பாக் ஹாமிட் விசிறிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அவரையும் கூப்பிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ளலாமே என்று தோன்றியது. மலாயில் மின்சாரத்துக்கும் ஆப்பி என்றுதான் வழக்கம்; கரண்டு பில்லை எல்லாரும் பில் ஆப்பி என்றுதான் சொல்கிறோம். வேலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் ஆட்டிக் கூவினேன்.

"பாக் ஹாமிட், ருமா சாயா அடா ஆப்பி. மாரி, மாரி."

என் வீட்டில் கரண்டு இருக்கிறது, வாருங்கள் என்று அர்த்தம். ஆனால் ஆப்பி என்றால் நெருப்பும்தான். பாவம், அவர் பார்த்தது என்ன? ஜன்னலில் நீலமும் சிவப்புமாக வெளிச்சம் துடிக்கிறது. வாசலில் ஆண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு விழுந்து கிடக்கிறார்கள். பெல்ட் சூடேறிக் கொஞ்சம் கருகல் வாடை வேறு. சரியாக அந்த நேரத்தில் அமிர்தவல்லியின் மாமியார் உயிரை விட, உள்ளே பதினோரு பெண்களும் ஒரே குரலில் "ஐயோ" என்றார்கள்.

அவர் வரவில்லை. போனை எடுத்தார்.

ஏழு ஐம்பத்தாறுக்கு எங்கள் தெருச் சடக்கில் பொம்பாவின் தீயணைப்பு வண்டி சைரனோடு வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஆறு பேர் பைப்பை உருட்டிக்கொண்டு இறங்கினார்கள். பிச்சைமுத்து இரண்டாவது முறையாக மிதித்துக்கொண்டிருந்தார். உள்ளே, முகத்தை முக்காடால் மூடிய ஓர் உருவம் அமிர்தவல்லியின் எதிரில் வந்து நின்றிருந்தது. குழந்தையை மாற்றிய ஆள். முக்காட்டை விலக்கக் கை மேலே போய்க்கொண்டிருந்தது. இந்தத் தொடரில் ஒரு கை மேலே போக மூன்று நிமிஷம் ஆகும். சைரனுக்கு ஹாலில் ஒருத்திகூடத் தலை திருப்பவில்லை.

நான் அவர்களின் தலைவரான சார்ஜனின் குறுக்கே ஓடி, நெருப்பு இல்லை, டிவிதான் என்று விளக்கப்போனேன். அவர் கருகல் வாடையை மோந்துகொண்டே தன் ஆட்களைப் பார்த்து, "பாடாம் ஆப்பி" என்று உரக்கச் சொன்னார்.

நெருப்பை அணை என்கிறார். ஆனால் கரண்டை அணை என்றாலும் அதே இரண்டு வார்த்தைதான். பிச்சைமுத்து முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். சீருடை போட்டவர் எதைச் சொன்னாலும் முதலில் செய்துவிட்டுப் பிறகு யோசிப்பவர். சைக்கிளிலிருந்து குதித்தார். பேட்டரி வயரைப் பிடுங்கினார். பிடுங்கிய வயரைக் கையில் பிடித்தபடி விறைப்பாக நின்றார்.

ஹால் இருட்டானது.

உள்ளிருந்து கருப்பாயிக்காவின் குரல் கேட்டது.

"பிச்ச, நீ உள்ள வராத."

வயரை மறுபடி மாட்டினேன். கருப்பாயிக்காவே ஓடிவந்து ஏறி மிதித்தார். டிவி எரிந்தது. ஆனால் டிகோடர் பெட்டி ஒருமுறை அணைந்தால் மறுபடி விழிக்க நாலு நிமிஷம் எடுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்கும் தெரியும். நீலத் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெண்கள் அந்த வட்டத்தையே பார்த்தார்கள். சார்ஜனும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார்.

போன் அடித்தது. உஷாராணி.

மலர்க்கொடி அதை எடுக்கவில்லை. எட்டு முறை அடித்தது. என்னைப் பார்த்தாள். நான் மீட்டரைப் பார்த்தேன். கடைசியில், முடி இறக்கப் போகிறவள் தலையைக் குனிவதுபோல் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, பாத்தீங்களா?" என் தங்கையின் குரல் அழுகிற மாதிரி இருந்தது. "இங்க செங்குல பேய் மழ அண்ணி. சரியா மூஞ்சிய காட்டற நேரத்துல சிக்னல் போயிருச்சு. யாரு அண்ணி அது? கெஞ்சிக் கேக்கறேன், சொல்லுங்க."

மலர்க்கொடி வட்டம் சுற்றும் திரையை ஒரு நொடி பார்த்தாள். அப்புறம் சோபாவில் நன்றாகச் சாய்ந்து, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்தேனே" என்றாள். "முக்காட்ட எடுத்தா, மூத்த மருமக."

"டாக்டர் இல்லையா அண்ணி?"

"டாக்டரா? அந்த மனுசன் பாவம் உஷா. எல்லாத்தையும் சொல்லிட்டு, என்னையப் போயி தப்பா நெனச்சிட்டாங்களேன்னு அழுதாரு. கையில கெடந்த மோதிரத்தக் கழட்டி மூத்த மருமக மூஞ்சியிலயே வீசினாரு."

"டாக்டருக்கு ஏது மோதிரம்?"

"அங்கதான் கதையே இருக்கு. கேளு."

மற்றப் பெண்கள் எல்லாரும் டிவிக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள். மல்லாந்து கிடந்த புருஷன்மார்கள் எழுந்து ஜன்னலோரம் வந்தார்கள். சார்ஜன் என் காதருகே குனிந்து, என்ன சொல்கிறார் என்று மலாயில் கேட்டார். நான் முடிந்தவரை மொழிபெயர்த்தேன். கொஞ்சம் சேர்த்தும் இருக்கலாம். மூத்த மருமகள் ரயில் முன்னால் விழப்போன இடத்தில் அவர் "அல்லாமா" என்று நெஞ்சில் கை வைத்தார். முப்பத்தொரு வருஷம் பொய்யும் மெய்யுமாகப் பேசி நான் கட்டிய பெயர் இரண்டு நிமிஷத்தில் தரைமட்டமானது. இந்த வீட்டில் இவ்வளவு பெரிய திறமை மிக்சியோடும் கிரைண்டரோடும் மறைந்து கிடந்திருக்கிறது.

திரையில் வட்டம் நின்றது. ஏதோ ஒரு பாட்டின் முதல் ஓசை எழுந்தது. அடுத்த நொடி படம் வந்துவிடும்.

மலர்க்கொடி போனைக் கையால் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, மிதிக்காதீங்க" என்றாள். "நான் இன்னும் முடிக்கல."