குளிரறைக்குப் போகும் இரண்டாவது வழி

...மென்பொருளிடம் ஒவ்வொன்றாகத்தான் கொடுப்போம் என்று அவன் சொல்லும்போதுதான் எனக்குச் சந்தேகம் கூடுகிறது, ஒரேயடியாகப் பறித்தால் சத்தம் போடலாம், ஒவ்வொன்றாக எடுத்தால் எதற்கென்று சத்தம் போடுவது... கொழும்புக் கம்பனி அனுப்பிய உடுப்பிட்டிப் பெடியன், மயூரதன், முதல் நாளே சொன்னான், “பழைய சுவிட்ச் ஒண்டையும் கழட்டமாட்டம் ஷெரோன் அக்கா, தகவல் எந்த வழியாலை போறதெண்டதை மட்டும் இனி மென்பொருள் பாக்கும்.” முதலில் அலுவலகத்துக் கணினிகளை இணைக்கும் சுவிட்ச் அதன் சொல் கேட்டது, பிறகு இறால் பொதி கட்டும் கூடத்தினுடையது, இன்றைக்குக் குளிரறை. அந்தச் சுவிட்ச் என் கணவர் கொலின்ஸ் வைத்தது. இருவருமாகப் பார்த்த இந்த வேலையை, அவர் போன மாரியில் கண்மூடிய பிறகு நான் தனியே பார்க்கிறேன். திரையில் வயர்களைக் காட்டும் எல்லாக் கோடும் பச்சை, ஒன்று மட்டும் சாம்பல். “உது என்ன அக்கா? ஒண்டும் போறேல்லை. தேவையில்லாட்டி எடுத்துவிடுவம்.” தேவையில்லை... யாருக்கு? ஐஸ் அறைக்குப் பின்னால், கிணற்றைச் சுற்றி, பூசை முடிந்த ஞாயிறுகளில் கொலின்ஸ் தானே மண் வெட்டிப் புதைத்த, குளிரறைக்கான இரண்டாவது வயர். எதுக்கு ரெண்டு என்று முதலாளி கேட்டபோது, “ஒரு வாசல் வீட்டிலை நாங்கள் படுக்கமாட்டம் ஐயா” என்று சிரித்தார். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போன வீடுகளிலெல்லாம் பின்கதவு திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாயை விரிப்பார், ஒரு வாசல் வீட்டில்தான் அவருடைய தங்கை அகப்பட்டாள்...

முதல் வயர் அறுந்தால் பழைய சுவிட்ச் கொஞ்சம் தடுமாறும், பிறகு இரண்டாவதை எழுப்பிவிடும். மென்பொருளும் எழுப்புமா? ஓம் என்கிறான், ஓம் என்று சொல்லாத விற்பனைக்காரன் உண்டா... “குளிரறையையும் மென்பொருளிட்டைக் குடுத்தாச்சு அக்கா, இனி அதின்ரை பொறுப்பு” என்று அவன் தேநீரை எடுக்க, நான் முதல் வயரைப் பிடுங்கினேன்.

“என்ன விசர் வேலை பாக்கிறியள்!”

திரையில் குளிரறை வெப்பநிலை, மைனஸ் பதினெட்டு. இப்போது மறையும், மறையட்டும், எல்லாரும் பார்க்கட்டும்... மறையவில்லை. சாம்பல் கோடு பச்சையாகியிருந்தது. “பாத்தியளே, வழி இருந்தால் அது பிடிக்கும். சரி, உங்கடை கோடு இருக்கட்டும்.” கேட்டது கிடைத்துவிட்டது, பிறகு ஏன் இப்படி இருக்கிறது? பழைய சுவிட்ச் தடுமாறும்போது எண் மறையும், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன், இருட்டில் அவர் எழும்பிப் பின்கதவைத் தடவுவதுபோல இருக்கும், பிறகு எண் திரும்பி வரும்... இனி மறையாது. நான் காக்க வந்தது வயரையா, அந்தத் தடுமாற்றத்தையா? “சொருகுங்கோ அக்கா” என்கிறான் மயூரதன், வயர் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.