டிரம்ஸ்: வெரோனா மிஹாலிக்

எங்கள் ஐந்து இசைத்தட்டுகளையும் ஒரே பெட்டியில் போட்டு மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். கூடவே ஒரு சின்னப் புத்தகம். அதன் பதினான்காம் பக்கத்தில், ‘மஞ்சள் விளக்கு’ பாட்டில் தாள எந்திரத்தைப் பயன்படுத்தியதற்குக் காரணம், டிரம்ஸ் வாசித்த வெரோனாவுக்குத் தாளம் நிற்காததுதான் என்று யாரோ எழுதியிருக்கிறார். வெரோனா என் தங்கை. நான் எமில் மிஹாலிக். குழுவில் பாடியவன், கிதார் வாசித்தவன், மூவரில் மூத்தவன். அந்த வரி பொய். நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் ஆக்ரன் என்ற அமெரிக்க ஆலை நகரத்துக்காரர்கள். அப்பா டயர் ஆலையில் வேலை பார்த்தார். சனிக்கிழமைகளில் எங்கள் ஸ்லோவாக் இனத்தவரின் தேவாலயக் கீழ்க்கூடத்தில் அக்கார்டியன் வாசித்தார். வெரோனா பதினோரு வயதில் அவருக்குப் பின்னால் டிரம்ஸில் உட்கார்ந்தாள். எங்கள் கல்யாணங்களில் மணப்பெண் ஆட்டம் என்று ஒன்று உண்டு. வந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று, ஒவ்வொருவராக மணப்பெண்ணோடு சில சுற்று ஆட வேண்டும். நூற்றைம்பது பேர் என்றால் முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் வாசிக்க வேண்டும். நடுவில் வேகம் கூடிவிட்டால் வரிசைக் கடைசியில் நிற்கும் அத்தைக்கு ஆட்டம் சுருங்கிப் போகும். அடுத்த கல்யாணம் வரை அவள் அதைச் சொல்லிக் காட்டுவாள். வெரோனா வாசித்த எட்டு வருடத்தில் எந்த அத்தையும் வாய் திறந்ததில்லை.

எழுபத்தெட்டில் நானும் தம்பி ருடியும் வெரோனாவும் சேர்ந்து ‘செகண்ட் ஷிப்ட்’ என்ற குழுவைத் தொடங்கினோம். ருடி பழைய சிந்தசைசர் ஒன்றை வாங்கி, இடது கையால் பேஸும் வலது கையால் மெட்டும் வாசித்தான். பாட்டுகள் குட்டையானவை, வேகமானவை, விறைப்பானவை. ஒல்லி டை, வெள்ளைச் சட்டை. பத்திரிகைக்காரர்கள் இதற்குப் புது அலை என்று பெயர் வைத்தார்கள். நீளமுடி ராக் ரசிகர்கள் எங்கள் மேல் பீர் கோப்பை எறிந்தார்கள். அப்பா ஒரு முறை வந்து கேட்டுவிட்டு, பாட்டு புரியவில்லை, ஆனால் பெண்ணின் கை சரியாக இருக்கிறது என்றார். முதல் இசைத்தட்டை நாங்களே அடித்து விற்றோம். அது தீர்ந்தபோது நியூயார்க்கிலிருந்து ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டது.

அங்கே எங்களுக்குத் தயாரிப்பாளர் கார்ல்டன் பிரைஸ். செருப்புப் பெட்டி அளவில், டிரம்ஸ் சத்தத்தைத் தானே எழுப்பும் ஒரு தாள எந்திரத்தை மேஜை மேல் வைத்தார். பாட்டைப் பதியும்போது வழிகாட்டியாக மட்டும் இது ஓடும், பிறகு இதை எடுத்துவிட்டு வெரோனாவின் டிரம்ஸைச் சேர்ப்போம் என்றார். அன்றே ஒரு தாளையும் நீட்டினார். கடைசி வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்வார் என்று அதில் இருந்தது. எங்கள் வீட்டில் வெளியாட்களோடு பேசுவதும் கையெழுத்துப் போடுவதும் மூத்தவன் வேலை. மூவருக்கும் சேர்த்து நானே போட்டேன். யாரையும் கேட்கவில்லை.

வெரோனா இரண்டு நாள் வாசித்தாள். ஒலிப்பதிவு அறையில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள். நாங்கள் ஊர் திரும்பினோம். ஆறு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டு வேளையில், ‘மஞ்சள் விளக்கு’ முதல் தடவையாக ரேடியோவில் வந்தது. அம்மா ஒலியைக் கூட்டினாள். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார்.

“யாரு அடிக்கிறது?” என்று கேட்டார்.

ரேடியோப் பக்கம் காதைத் திருப்பினார்.

“இது நம்ம பொண்ணு இல்ல.”

வெரோனா என்னைத்தான் பார்த்தாள். “நீ ஏதாவது கையெழுத்துப் போட்டியா, எமில்?”

“போட்டேன்.”

“என்னைக் கேட்டியா?”

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். நியூயார்க்குக்கு போன் போட்டேன். இப்போது நடன விடுதிகளில் எந்திரச் சத்தத்தைத்தான் விரும்புகிறார்கள் என்றார் பிரைஸ். வெரோனா வாசித்ததைப் பதிந்த நாடா எங்கே என்று கேட்டேன். நாடா விலை அதிகம், அதன் மேலேயே வேறொரு குழுவைப் பதிந்துவிட்டோம் என்றார்.

பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏறிக்கொண்டே போனது. நாற்பது, இருபத்தாறு, ஒன்பது. ஊர் ஊராக வாசித்தோம். மேடையில் அடித்தது வெரோனாதான். கூட்டம் அவள் கைக்குத்தான் குதித்தது. ஆனால் பெட்ரோல் பங்கிலும் முடிவெட்டும் கடையிலும் எங்கள் பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் அவள் வெளியே போய் நின்றாள். என்னோடு வேலைப் பேச்சு மட்டும்தான்.

அப்போதுதான் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தொலைக்காட்சி அழைப்பு வந்தது. சனிக்கிழமை நேரடி நிகழ்ச்சி, நாடு முழுக்கப் பார்க்கும். அங்கே யாரும் உண்மையில் வாசிப்பதில்லை. இசைத்தட்டு ஓடும், குழு வாயசைத்துக் கையாட்ட வேண்டும். சத்தம் வராமலிருக்க டிரம்ஸ் மேல் ரப்பர் வட்டுகளை ஒட்டியிருந்தார்கள். வெரோனா அதை விரலால் தட்டிப் பார்த்தாள்.

“நான் அடிச்சதா இருந்தா அதுக்கு வாயும் அசைப்பேன், காதும் அசைப்பேன். அந்தப் பெட்டி அடிச்சதுக்கு என் கையை ஆட்ட மாட்டேன்,” என்றாள்.

பிரைஸ் சிரித்தார். “மூணு நிமிஷம்மா. பல்லைக் காட்டிட்டு ஆட்டிட்டு வா. பெட்டிக்குக் கோபம் வராது.”

அவள் எழுந்து ஒப்பனை அறைக்குப் போய்விட்டாள். பிரைஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நிகழ்ச்சியில் ஆடும் பெண்களில் ஒருத்திக்கு அதே வெள்ளைச் சட்டை, டை மாட்டி டிரம்ஸ் பின்னால் உட்கார வைத்துவிடலாம், தூரத்தில் முகம் தெரியாது என்றார்.

“யாருக்குய்யா வித்தியாசம் தெரியப்போகுது?”

“எங்க அப்பாவுக்குத் தெரியும்,” என்றேன்.

“உங்க அப்பா எத்தனை தட்டு வாங்குவாரு?”

அந்த ஆளை அடிக்காமல் வந்தேன் என்பதை இன்றும் நான் பெருமையாகச் சொல்வதில்லை. நேரே ஒப்பனை அறைக்குப் போனேன். ருடி அங்கே இருந்தான். வெரோனா கண்ணாடி முன் உட்கார்ந்து டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒளிபரப்புக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. பிரைஸ் போட்ட திட்டத்தை இருவரிடமும் சொன்னேன்.

“நான் தப்புப் பண்ணிட்டேன். இப்ப முடிவு உன்னோடது,” என்றேன். “வீட்டுக்குப் போகலாம்னா போகலாம்.”

“போனா எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடுவாங்க,” என்றாள்.

“அப்புறம் அவ உட்கார்ந்திருவா, அந்தச் சட்டைக்காரி,” என்றான் ருடி.

வெரோனா அவிழ்த்த டையைக் கையில் சுற்றிக்கொண்டாள். பிறகு, “அந்தப் பெட்டி வேன்ல இருக்கா?” என்று கேட்டாள். கம்பெனி விளம்பரத்துக்காக ஒன்று கொடுத்திருந்தது. ருடி ஓடிப்போய் எடுத்து வந்தான்.

நேரம் வந்ததும் மூவரும் மேடை ஏறினோம். வெரோனா எந்திரத்தை டிரம்ஸ் நாற்காலியில் வைத்தாள். தன் டையை அதன் மேல் கட்டி, முடிச்சை நேராக்கினாள். பிறகு முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றாள். பாட்டு ஓடியது. நாங்கள் மூவரும் கையைத் தொங்கப் போட்டு, வாயை மூடி, காமிராவைப் பார்த்து அசையாமல் நின்றோம். மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி. என் குரல் எனக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டிருந்தது. முன்னால் ஆடிய பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிரைஸ் இரண்டு கையையும் தலைமேல் ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் தாளம் தவறி ஆடியவர் அவர் ஒருவர்தான். நேரடி ஒளிபரப்பு என்பதால் வெட்டிவிட்டுக் காட்ட அவர்களிடம் வேறொன்றும் இல்லை.

பாட்டு முடிந்ததும் நிகழ்ச்சி நடத்துபவர் மைக்கோடு வந்து, என்ன ஆயிற்று என்று வெரோனாவைக் கேட்டார்.

“இந்தப் பாட்டுல அடிச்சவரு அங்க நாற்காலியில உட்கார்ந்திருக்காரு. அவரையே கேளுங்க,” என்றாள்.

திங்கட்கிழமை கம்பெனி அலுவலகத்தில் ஒரு அறிக்கையைத் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். தாளக் குறைபாட்டால் வெரோனா விலகுகிறாள், நடந்ததற்குக் குழு வருந்துகிறது என்று இருந்தது. பதினான்காம் பக்கத்துப் பொய் பிறந்த இடம் அதுதான். நான் படித்துவிட்டு வெரோனாவிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு ருடியிடம் கொடுத்தாள். ருடி அதை மேஜை மேல் கவிழ்த்து வைத்தான்.

“ஒரு தங்கச்சிக்காக ஒன்பதாம் இடத்துல இருக்கிற பாட்டைக் குழியில தள்ளுறீங்களே,” என்றார் துணைத் தலைவர்.

“குழுவுல மூணு பேரு, சார். மூணு பேரா வந்தோம், மூணு பேரா போறோம்,” என்றேன்.

எங்கள் கையெழுத்து இல்லாமலே அவர்கள் அந்த அறிக்கையை வெளியிட்டார்கள், ஒப்பந்தத்தையும் முறித்தார்கள். ‘மஞ்சள் விளக்கு’ இரண்டே வாரத்தில் பட்டியலிலிருந்து இறங்கியது. பின்னால் சிகாகோவில் ஒரு சின்னக் கம்பெனி எங்களை எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த மூன்று தட்டுகளிலும் விழுந்த ஒவ்வொரு அடியும் அவளுடையது. அவற்றில் முதலாவது, பழைய கம்பெனி விற்றதைப்போல மூன்று மடங்கு விற்றது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அறிக்கை பத்திரிகையில் வந்த ஞாயிற்றுக்கிழமை, கிளீவ்லாந்தில் ஒரு பழைய நாடக அரங்கில் மாலை ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். பாதிப் பேர் பாட்டுக் கேட்க வந்தவர்கள். மீதிப் பேர் அவள் தவறுவதைப் பார்க்க வந்தவர்கள். பால்கனியிலிருந்து ஒருவன், “பெட்டியைக் கொண்டு வரலையா?” என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. ‘மஞ்சள் விளக்கு’ பாட்டை இன்று விட்டுவிடலாமா என்று அவள் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

“அதைத்தான் முதல்ல வாசிக்கிறோம்,” என்றாள்.

குச்சியை நான்கு தடவை தட்டினாள். ரேடியோவில் ஓடியதைவிட ஒரு நூல் வேகமாக எடுத்தாள். எந்திரத்தோடு பழகிய கூட்டம் முதல் அடியிலேயே தடுமாறியது, கைதட்டியவர்கள் பின்தங்கினார்கள். அவள் யாருக்காகவும் குறைக்கவில்லை. இரண்டாம் சரணத்துக்குள் அரங்கம் முழுவதும் அவள் வேகத்துக்கு வந்து சேர்ந்தது.